பழைய பேட்டரிக்கு ஒரு சோதனைச் சீட்டு

2012-இல் சென்னைக்கு வெளியே குடியிருந்தவர்களுக்கு இன்வெர்ட்டர் எப்படி வீட்டுக்குள் வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. நாளில் பாதி நேரம் மின்சாரம் இல்லாமல் கிடந்த ஊர்களில், வாஷிங் மெஷினைத் தள்ளிப்போட்டுவிட்டு அதை வாங்கினார்கள். அந்த அளவு மின்வெட்டு இன்று இல்லை. ஆனால் மாதாந்திரப் பராமரிப்பு இருக்கிறது. காலையில் நிறுத்தினால் பிற்பகல்தான் வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையிலேயே பல பகுதிகளுக்கு நாள்கணக்கில் கரன்ட் வரவில்லை. ஆகவே இன்வெர்ட்டரை யாரும் கழற்றிவிடவில்லை. ஆள் வைத்துத் தூக்கவேண்டிய அந்த டியூபுலர் பேட்டரி, அதற்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர், சில வருடங்களுக்கு ஒருமுறை புது பேட்டரிக்கு எடுத்துவைக்க வேண்டிய பணம் எல்லாம் அப்படியே தொடர்கின்றன.

இந்தச் செலவுக்கு இப்போது ஒரு மாற்றுவழி கிடைத்திருக்கிறது. பழைய லேப்டாப், மின் ஸ்கூட்டர், மின் ஆட்டோ, செல்போன் கோபுரம் ஆகியவற்றிலிருந்து கழித்துப்போட்ட லித்தியம் பேட்டரிகளைப் பிரிக்கிறார்கள். தேறுகிற செல்களைப் பொறுக்கி, வீட்டு இன்வெர்ட்டருக்கு ஏற்றாற்போல் மறுபடி கோத்துக் கொடுக்கிறார்கள். எடை குறைவு, தண்ணீர் ஊற்ற வேண்டாம், சீக்கிரம் சார்ஜ் ஏறும், விலையும் புது லித்தியத்தைவிடக் குறைவு. யூடியூப் பார்த்துத் தாங்களே செய்துகொள்கிறவர்களும் இருக்கிறார்கள்.

இதை அடியோடு தடுக்க வேண்டும் என்கிறவர்கள் உண்டு. ஏழைக்கு மலிவாகக் கிடைப்பதில் அரசு ஏன் மூக்கை நுழைக்க வேண்டும் என்று கேட்கிறவர்களும் உண்டு. இரண்டு கட்சியிலும் நான் இல்லை. பழைய லித்தியம் பேட்டரி நம் வீடுகளுக்கு வரலாம், வருவது நல்லதும்கூட. ஆனால் அதில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, யார் சோதித்தார்கள் என்று கையெழுத்துப் போட்ட ஒரு சீட்டு இல்லாமல் வாசல் தாண்டி உள்ளே வரக் கூடாது.

முதலில், செத்துப்போனது என்று நாம் தூக்கிப்போடும் பேட்டரியில் என்ன நடந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். சற்றுப் பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்தால் உள்ளே பெரும்பாலும் ஆறு உருளைகள் இருக்கும். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். அதனால்தான் அதற்கு 18650 என்று பெயர். இரண்டிரண்டாக ஜோடி சேர்த்து மூன்று ஜோடிகளை வரிசையாக இணைத்திருப்பார்கள். இந்த மூன்றில் ஒரு ஜோடி நலிந்துவிட்டால் போதும், உள்ளே இருக்கும் மின்னணு அட்டை மொத்தத்தையும் பூட்டிவிடும். மற்ற நான்கு செல்கள் நன்றாகவே இருக்கலாம். ஆனால் குப்பைக்குப் போவது ஆறும்தான். பெங்களூரில் ஐ.பி.எம். ஆய்வுப் பிரிவு 2014-இல் இப்படித் தூக்கியெறிந்த லேப்டாப் பேட்டரிகளைச் சோதித்தது. அவற்றில் 70 சதவீதம், ஒரு எல்.இ.டி. விளக்கைத் தினமும் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஒரு வருடம் எரிக்கும் திறனோடு இருந்தன. அந்தச் செல்களைக் கொண்டு ‘ஊர்ஜர்’ என்ற சிறு மின்பெட்டியையும் செய்துபார்த்தார்கள்.

வாகன பேட்டரி விஷயத்தில் கணக்கு இன்னும் சாதகம். முதலில் இருந்த கொள்ளளவில் 70, 80 சதவீதத்துக்கு இறங்கியதும் அதை வண்டிக்கு லாயக்கில்லை என்று கழிப்பது வழக்கம். ஒரே சார்ஜில் போகும் தூரம் குறைகிறது, மேம்பாலம் ஏறும்போது இழுவை போதவில்லை என்பவை வண்டிக்காரரின் கவலைகள். மூலையில் அசையாமல் உட்கார்ந்து இரண்டு மின்விசிறியை ஓட்டப்போகும் பேட்டரிக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை.

ஒரு வீட்டுக்கு எவ்வளவு வேண்டும்? சாதாரண மின்விசிறி 75 வாட்; இரண்டு ஓடினால் 150. ஒன்பது வாட் எல்.இ.டி. நான்கு எரிந்தால் 36. வைஃபை பெட்டிக்குப் பத்து வாட். மொத்தம் ஏறக்குறைய 200 வாட். நான்கு மணி நேரத்துக்கு 800 வாட்-மணி. இன்வெர்ட்டர் தின்கிற பங்கையும் சேர்த்தால், மின்வாரியக் கணக்கில் ஒரு யூனிட். தேறிய பழைய லேப்டாப் செல்லில் 2,000 மில்லி ஆம்பியர்-மணி மிஞ்சியிருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 3.6 வோல்ட்டால் பெருக்கினால் 7.2 வாட்-மணி. ஒரு யூனிட்டுக்கு 140 செல்கள் வேண்டும். பிரித்ததில் பாதி தேறும் என்றாலும் ஐம்பது லேப்டாப் பேட்டரிகளை உடைக்க வேண்டும். முந்நூறு செல்களை ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். மாறாக, புதிதில் இரண்டரை யூனிட் பிடித்த ஒரு ஸ்கூட்டர் பேட்டரி 70 சதவீதத்துக்கு இறங்கிய பிறகும் ஒன்றே முக்கால் யூனிட் தரும். ஒரே பெட்டியில் ஒரு வீட்டின் தேவை அடங்கிவிடுகிறது. ஆகவே லேப்டாப் செல்களைப் பொறுக்கிக் கோப்பது பொழுதுபோக்காக இருக்கலாமே தவிர, நாடு முழுவதற்குமான வழியாக ஆகாது. நாம் பேச வேண்டியது இனி ஆண்டுதோறும் இறங்கப்போகும் வாகன பேட்டரிகளைப் பற்றி. (இடையில் ஒன்று: 30 வாட்டில் ஓடும் பி.எல்.டி.சி. மின்விசிறிக்கு மாறினால் மேலே சொன்ன தேவையே ஏறக்குறையப் பாதியாகிவிடும். பேட்டரி வாங்குமுன் மின்விசிறியை மாற்றுவது புத்திசாலித்தனம்.)

பழைய செல்லைச் சோதிப்பது ரகசிய வித்தை அல்ல, வேண்டியது பொறுமைதான். முதலில் வோல்ட் பார்க்க வேண்டும். இரண்டு வோல்ட்டுக்குக் கீழே இறங்கி நெடுநாள் கிடந்த செல்லை அந்த இடத்திலேயே ஒதுக்கிவிட வேண்டும். அந்த நிலையில் உள்ளே எதிர்மின் முனையில் இருக்கும் செப்புத் தகடு கரையத் தொடங்கியிருக்கும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது கரைந்த செம்பு வேண்டாத இடத்தில் படிந்து, உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆவதற்கு வழி செய்யும். மேலுக்குப் பார்த்தால் பளபளவென்றுதான் இருக்கும். அடுத்து, முழுதாக ஏற்றி, ஏறும்போது சூடாகிறதா என்று தொட்டும் அளந்தும் பார்க்க வேண்டும். பிறகு முழுதாக இறக்கி எவ்வளவு கொடுத்தது என்று குறிக்க வேண்டும். உள் மின்தடையைத் தனிக் கருவியில் மில்லி ஓம் கணக்கில் அளக்க வேண்டும். கடைசியாக, மறுபடி முழுதாக ஏற்றி இரண்டு வாரமாவது சும்மா வைத்திருந்து, தானாக வோல்ட் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இறங்கினால் கழிவு. இவ்வளவும் தாண்டியவற்றில் ஒத்த திறனுள்ளவற்றை ஒன்றுசேர்த்து, நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங்கில்தான் ஒட்ட வேண்டும். சால்டரிங் சூடு செல்லுக்கு ஆகாது.

நடைமுறையில் என்ன நடக்கிறது? சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் பக்கத்துச் சிறு கடையொன்றில் இந்த வேலையை நின்று பார்த்தேன். பிளாஸ்டிக் கூடையில் உறை கிழிந்த செல்கள். ஒரு பையன் மல்ட்டிமீட்டர் முனையை வைத்து எடுத்து, மூன்றுக்கு மேல் காட்டினால் வலப்பக்கம், இல்லாவிட்டால் இடப்பக்கம் என்று போட்டுக்கொண்டிருந்தான். செல்லுக்கு மூன்று விநாடிகூட இல்லை. இரண்டு வாரச் சோதனை பற்றிக் கடைக்காரரிடம் கேட்டேன். அவருக்கு அது தெரியாத விஷயம் அல்ல. “தெரியும் சார். ரெண்டு வாரம் வெச்சுப் பாத்தா மூணாவது வாரம் கடை வாடகையை யார் குடுப்பா? கஸ்டமர் நாளைக்கே வேணுங்கறாரு” என்றார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சோதித்த செல்லுக்கும் சோதிக்காத செல்லுக்கும் ஒரே விலை கொடுக்கும் சந்தையில் எவரும் சோதிக்க மாட்டார்கள். உறை மாற்றி 9,900 எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர்-மணி) என்று அச்சடித்த செல்கள் வேறு அதே வரிசையில் விற்கின்றன. 18650 அளவில் 3,500-ஐத் தாண்டும் செல்லே அபூர்வம் என்பது வாங்குகிறவருக்குத் தெரிய வழியில்லை.

பொருத்துவதில் இருக்கும் ஆபத்து இதைவிடப் பெரிது, பேசப்படுவதோ குறைவு. நம் வீட்டு 12 வோல்ட் இன்வெர்ட்டர்கள் ஈய அமில பேட்டரிக்காகச் செய்யப்பட்டவை. அவை சார்ஜ் ஏற்றும்போது 14.4 வோல்ட் வாக்கில் கொடுக்கும். லேப்டாப்பிலும் பல ஸ்கூட்டர்களிலும் இருக்கும், நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த என்.எம்.சி. வகைச் செல்லின் உச்சம் 4.2 வோல்ட். மூன்றை வரிசையாகக் கோத்தால் 12.6. அதை அப்படியே கொண்டுபோய் இன்வெர்ட்டரில் மாட்டினால், செல் ஒன்றுக்கு 4.8 வோல்ட் ஏற்றப் பார்க்கும். குறுக்கே நின்று வெட்டிவிடுவது பி.எம்.எஸ். என்னும் சிறு அட்டை ஒன்றுதான். விபத்துக்குக் கடைசிக் காவலாக வைத்த அட்டையைத் தினசரி வேலைக்காரனாக்கிவிடுகிறோம். அது ஒருநாள் பழுதானால் அடுத்த காவல் கிடையாது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் எனப்படும் எல்.எஃப்.பி. வகையில் செல்லின் உச்சம் 3.65 வோல்ட், நான்கு கோத்தால் 14.6. நம் இன்வெர்ட்டரின் போக்குக்கு அதுதான் ஒத்துவருகிறது. மின் ஆட்டோக்களிலும் செல்போன் கோபுரங்களிலும் இந்த வகை நிறைய உண்டு. சூடு தாங்குவதிலும் அது மேல். தறிகெட்டுச் சூடாகும் நிலையை அடைய என்.எம்.சி.யைவிட அதிக வெப்பம் வேண்டும்.

அதற்காக எல்.எஃப்.பி. எரியவே எரியாது என்று கடையில் சொன்னால் நம்பிவிடாதீர்கள். 2021 ஏப்ரலில் பெய்ஜிங்கில் வெடித்த மின்சேமிப்பு நிலையத்தில் இருந்தவை எல்.எஃப்.பி. பேட்டரிகள்தான். அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் இருவர் இறந்தார்கள். செல் சூடேறி வெளியே கக்கும் வாயு எளிதில் தீப்பற்றும், நச்சும்கூட. நம் ஊர் உதாரணமும் இருக்கிறது. 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து, தந்தையும் மகளும் உயிரிழந்தார்கள். அது யாரோ பிரித்துக் கோத்த பேட்டரி அல்ல. நிறுவனத்திலிருந்து வந்த வண்டி. அந்த ஆண்டு நாடெங்கும் நடந்த தீ விபத்துகளுக்குப் பிறகுதான் ஏ.ஐ.எஸ். 156 என்னும் தரவிதியை மத்திய அரசு கடுமையாக்கி, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரண்டு கட்டமாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நல்லது. ஆனால் அது வண்டியில் இருக்கும் பேட்டரிக்கான தரம். வண்டியை விட்டு இறங்கிய பேட்டரியோடு அந்தப் பாதுகாப்பு கூட வருவதில்லை.

எங்கே வைக்கிறோம் என்பதும் இருக்கிறது. நம் வீடுகளில் இன்வெர்ட்டர் உட்காரும் இடம் பெரும்பாலும் மாடிப்படிக்குக் கீழே, அல்லது ஹாலில் டி.வி.க்குப் பக்கத்தில். ஈய அமில பேட்டரிக்கு அது ஓரளவு சரி. லித்தியம் தீப்பிடித்தால் மாடியில் தூங்குகிறவர்கள் இறங்கும் ஒரே வழி அடைபட்டுவிடும். பிரிட்டனில் 2024-இல் வெளியான பி.ஏ.எஸ். 63100 என்ற வழிகாட்டித் தரம் படுக்கையறை, மாடிப்படி, நடைவழி, பரண் ஆகிய இடங்களில் வீட்டு பேட்டரியை வைக்கவே கூடாது என்கிறது. அது புது பேட்டரிகளுக்கும் சேர்த்துச் சொன்னது.

சட்டம் என்று பார்த்தால் நம்மிடம் இல்லாமல் இல்லை. 2001-இல் வந்த பேட்டரி விதிகள் ஈய அமில பேட்டரிகளை மட்டுமே கணக்கில் எடுத்தன. 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள் லித்தியம் உட்பட எல்லா வகைகளையும் உள்ளே கொண்டுவந்தன. உற்பத்தியாளரே கழிவுக்குப் பொறுப்பு. மண்ணில் புதைப்பதும் எரிப்பதும் கூடாது. பழையதைப் புதுப்பித்து விடுகிறவர் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். காகிதத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஈய அமில பேட்டரிக்கு எந்த ஊர்க் கடையிலும் பழையதைக் கொடுத்தால் புதியதன் விலையில் கழித்துக்கொள்கிறார்கள். லித்தியத்துக்கு அப்படி ஒரு கவுன்ட்டர் நம் கண்ணில் படுவதில்லை. அதனால் அது காயலான் கடைக்குப் போகிறது. அங்கிருந்து நான் பார்த்த கூடைக்கு வருகிறது. பத்துக்குப் பத்து அடிக் கடை வைத்திருப்பவரை வாரியத்தில் பதிவு செய்யச் சொல்லும் விதி, அவருக்கு அதனால் என்ன லாபம் என்பதையும் யோசித்திருக்க வேண்டும்.

பழைய பைக் வாங்கினால் ஆர்.சி. புத்தகம் கேட்கிறோம். எந்த வருட வண்டி, எத்தனை கைமாறியது என்று பார்க்காமல் முன்பணம் கொடுப்பதில்லை. அதைவிட ஆபத்தான ஒரு பொருளைத் தூங்கும் இடத்துக்குப் பக்கத்தில் வைக்கும்போது எந்தக் காகிதமும் கேட்பதில்லை. இத்தனைக்கும் லித்தியம் பேட்டரியின் ஜாதகம் அதன் உள்ளேயே இருக்கிறது. எத்தனை முறை சார்ஜ் ஏறியது, எவ்வளவு சூடானது, எந்தச் செல் நலிகிறது என்பதையெல்லாம் நல்ல பி.எம்.எஸ். குறித்து வைத்திருக்கும். அதைப் படிக்கும் சாவி நிறுவனத்திடம் மட்டும் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் கொண்டுவந்த பேட்டரி சட்டம் இந்த இடத்தில்தான் கை வைத்தது. பேட்டரியின் ஆரோக்கியம் பற்றிய விவரத்தை, அதை வாங்கியவரும் மறுபயன்பாட்டுக்கு எடுப்பவரும் படிக்க வழிசெய்ய வேண்டும் என்ற கட்டாயம் 2024 ஆகஸ்டிலிருந்து வந்துவிட்டது. 2027 பிப்ரவரி முதல் வாகன பேட்டரிகளுக்கு மின்னணுக் கடவுச்சீட்டும் வருகிறது. இங்கே 2025-இல் விதிகளைத் திருத்தியபோது உற்பத்தியாளரின் பதிவு எண்ணை கியூ.ஆர். குறியீடாகப் போட வழி செய்தார்கள். அதை வைத்துப் பிறந்த வீட்டைத் தெரிந்துகொள்ளலாம். வாழ்ந்த வாழ்க்கையை அல்ல.

எதிர்த்தரப்பில் வலுவான வாதம் ஒன்று உண்டு. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. புது பேட்டரியின் விலை சரிந்துகொண்டே போகிறது. உலகச் சராசரி 2024-இல் ஒரு யூனிட் கொள்ளளவுக்கு 115 டாலர் வரை இறங்கிவிட்டது. இந்த நிலையில் பழையதைச் சோதித்துக் கோக்கும் கூலிக்குக் கட்டுப்படியாகுமா? சீனாவின் தேசிய எரிசக்தி நிர்வாகம் 2021-இல் வெளியிட்ட வரைவில், பெரிய சேமிப்பு நிலையங்களுக்குப் பழைய வாகன பேட்டரிகளை இப்போதைக்கு வேண்டாம் என்றே சொன்னது. அந்த எச்சரிக்கை நியாயம்தான். வெவ்வேறு வயதுடைய லட்சக்கணக்கான செல்களை ஓரிடத்தில் குவித்தால் நலிந்த ஒன்று மற்றதையும் கெடுக்கும். ஆனால் ஒரே ஆட்டோவிலிருந்து இறங்கிய ஒரு பேட்டரியைப் பிரிக்காமல் ஒரே வீட்டுக்குக் கொடுப்பது வேறு. அந்தச் செல்கள் ஒன்றாகப் பிறந்து ஒன்றாக உழைத்தவை. செல் செல்லாகப் பிரிக்கும் கூலியும் இல்லை. இன்னொன்று: எல்.எஃப்.பி.யில் கோபால்டும் நிக்கலும் கிடையாது. உருக்கிப் பிரித்து எடுக்கும் மறுசுழற்சிக்காரருக்கு அதில் லாபம் குறைவு. அவர் ஆசைப்படாத பொருளை இன்னும் சில வருடம் உழைக்கவிடுவதைத் தவிர நல்ல வழி வேறென்ன?

இதற்கு வேண்டிய அறிவு நம் பக்கத்திலேயே இருக்கிறது. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் காரைக்குடியில் பேட்டரி ஆராய்ச்சிக்கென்றே பேர்போனது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேட்டரிக்கும் மின்வாகனத்துக்கும் தனி மையம் உண்டு. மின் ஸ்கூட்டர் தொழிற்சாலைகள் ஓசூரிலும் கிருஷ்ணகிரி பக்கத்திலும் நிற்கின்றன. பழைய பேட்டரியைத் தரம் பிரிக்க அமெரிக்காவில் 2018-இலேயே யு.எல். 1974 என்ற தரம் வந்துவிட்டது. அதன் சாரத்தை எடுத்து நம் வெயிலுக்கும் நம் இன்வெர்ட்டருக்கும் ஏற்ற ஒரு பக்கச் சோதனை முறையாக எழுதித் தருவது காரைக்குடிக்குப் பெரிய காரியம் அல்ல. மாவட்டத்துக்கு ஓர் அரசு ஐ.டி.ஐ.யில் சோதனை மேசை போடட்டும். கட்டணம் வாங்கிக்கொண்டு, வகை, மிச்சக் கொள்ளளவு, உள் மின்தடை, தேதி ஆகிய நான்கையும் எழுதி முத்திரை வைத்துக் கொடுக்கட்டும். தேறாததை அங்கேயே வாங்கிவைத்து, பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலைக்கு உற்பத்தியாளர் செலவில் அனுப்பட்டும். சீட்டோடு வரும் பேட்டரிக்குக் கூடுதல் விலை கிடைக்கும் என்று தெரிந்தால், அந்தக் கடைக்காரர் இரண்டு வாரம் காத்திருப்பார். வாடகை அதிலேயே வந்துவிடும்.

இந்த ஏற்பாடு வரும்வரை வாங்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். எல்.எஃப்.பி.யா என்று கேளுங்கள். இல்லையென்றால் வேண்டாம் என்று வந்துவிடுங்கள். லேப்டாப் செல் கோத்ததை வீட்டு இன்வெர்ட்டருக்கு வாங்காதீர்கள். இன்வெர்ட்டரில் லித்தியத்துக்கான தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் இன்வெர்ட்டரையும் மாற்றும் செலவைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். முழுதாக ஏற்றி, உங்கள் கண்முன்னே ஒரு பல்பை எரியவிட்டு எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அந்தப் பேட்டரி வேண்டாம். படிக்கட்டுக்கு அடியிலும் படுக்கையறையிலும் வைக்காதீர்கள். உப்பியதை, கீழே விழுந்ததை, வெள்ளத்தில் நனைந்ததை யார் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.